எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பேதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெடிலமும் உப்பனாறும் நிரம்பி ஓடும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் பேதி வருவதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு அது பெரும்பாலும் சில நாள்களில் தானே நின்றுவிடும். ஆனால் கீமோதெரபி பெறுபவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர், எச்.ஐ.வி. தொற்றால் சி.டி.4 எனும் நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்கள் குறைந்தவர் ஆகியோருக்கு, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா குடற்சுவரைக் கடந்து இரத்தத்திலேயே கலந்துவிடக்கூடும். அவர்கள் வீட்டிலேயே இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது தவறு.

அதைவிடப் பெரிய தவறு, மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவதுதான். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருக்கையில் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை போட்டால், குடலின் அசைவு குறைந்து கிருமியும் அதன் நச்சும் உள்ளேயே தங்கிவிடும். வீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வேளை விழுங்கிவிட்டு மருத்துவரிடம் சென்றால், மலத்திலும் இரத்தத்திலும் கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். முன்பு உண்ட ஆன்டிபயாட்டிக்கே நல்ல பாக்டீரியாவை அழித்து, க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் பேதி உண்டாக்கும் பாக்டீரியா பெருக இடம் கொடுத்திருக்கவும் கூடும். இதன் வித்துகள் ஆல்கஹால் சானிடைசருக்கு அழிவதில்லை. சோப்புப் போட்டு நீரில் கழுவித்தான் கையிலிருந்து அகற்ற வேண்டும்.

காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்வதும் ஏமாற்றமே, ஏனெனில் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். பேதிக்குப் பயந்து அந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லையென்றால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களின் சிக்கல் வேறு: உடல் அச்சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்க உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் மருந்து, பேதியின்போது இரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறக்கூடும் என்பதால், அதன் அளவைச் சோதித்தறிய வேண்டும்.

உணவில், ஆஃப்பாயிலும் வண்டிக்கடை ஐஸ் கலந்த கரும்புச்சாறும் வேண்டாம். கல்லீரல் சுருக்க நோயாளிகள் அரைவேக்காட்டு மீனையும் மட்டியையும் தொடவே கூடாது. அவற்றிலிருந்து வரும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா ஓரிரு நாளில் உயிரைப் பறிக்க வல்லது. ஃப்ரிட்ஜில் வைத்த உணவு கெடாது என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று, லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா அந்தக் குளிரிலும் வளரும். பழைய சோற்றின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் கீமோ நாள்களில் சுடச்சுட வடித்த சோறே பாதுகாப்பானது.

பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு தம்ளரில் கரைப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை, கொதிக்கவைத்து ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.