பேசாத டார்ஜான்: 1981ஆம் ஆண்டின் மறுஆக்கத்தில் தவிர்த்திருக்க வேண்டிய தவறுகள்

எம்.ஜி.எம். நிறுவனம் 1932இல் வெளியிட்ட 'டார்ஜான் தி ஏப் மேன்' படத்தை அந்த நிறுவனமே இருமுறை மறுஆக்கம் செய்தது; 1959இல் ஒருமுறை, 1981இல் இன்னொருமுறை. இரண்டையுமே விமர்சகர்கள் விரும்பவில்லை என்றாலும், இரண்டாவது படம் வாங்கிய ஏச்சுதான் இன்றுவரை பேசப்படுகிறது. அதில் ஜேனாக நடித்த போ டெரெக்குக்கு அந்த ஆண்டின் மிக மோசமான நடிகை என்னும் கோல்டன் ராஸ்பெரி 'விருது', ஃபே டனவேயுடன் சேர்த்துப் பகிர்ந்தளிக்கப்பட்டது. திரைப்பட வழிகாட்டி நூல்களைத் தொகுத்த லெனர்ட் மால்டின், தம் நூலின் ஆகக் கடைசித் தரத்துக்கும் கீழே புதிதாக ஒரு தரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்குமோ என்று பதிப்பாசிரியர்கள் யோசிக்கும் அளவுக்கு இது மோசம் என்ற கருத்தில் எழுதினார். பழைய படம் ஒன்றைக் கையில் எடுக்க நினைப்பவர்கள் வெற்றிபெற்ற மறுஆக்கங்களைவிட இப்படிப்பட்ட படத்தைத்தான் முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பேன். ஏனென்றால் இதில் தவறுகள் ஒளிவுமறைவின்றித் திரையிலேயே கிடக்கின்றன.

தொடங்கும் முன்பே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். இது வசூலில் விழுந்த படம் அன்று. சுமார் 65 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 1979இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தின் வழியாக போ டெரெக் அமெரிக்கா முழுவதும் அறிந்த முகமாகியிருந்தார். அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ஆகவே, மக்கள் புறக்கணித்ததால் கெட்ட பெயர் எடுத்த படம் என்று இதை எழுதுபவர்கள், பாடத்தையே தலைகீழாகப் படிக்கிறார்கள். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதற்குப் படத்தில் ஒன்றும் இல்லாமல் போனதுதான் இங்கே நேர்ந்த கேடு.

ஒரு மறுஆக்கத்தில் நேரக்கூடிய ஆகப் பெரிய தவறு, மூலப்படம் எந்த நரம்பால் உயிர்வாழ்ந்தது என்பதைக் கண்டறியாமல் அதன் சதையை மட்டும் எடுத்துக்கொள்வது. டபிள்யூ. எஸ். வான் டைக் இயக்கிய 1932ஆம் ஆண்டுப் படத்தின் கதை மிகவும் எளியது. ஆப்பிரிக்காவில் வணிகம் செய்யும் ஜேம்ஸ் பார்க்கரைத் தேடி அவருடைய மகள் ஜேன் வருகிறாள். யானைகள் இறப்பதற்காகச் செல்லும் இடுகாட்டைக் கண்டுபிடித்துத் தந்தங்களை அள்ளிவிடலாம் என்று பார்க்கரும் அவருடைய கூட்டாளி ஹோல்ட்டும் புறப்படுகிறார்கள், அவளும் உடன் போகிறாள். வழியில் டார்ஜான் அவளைத் தூக்கிச் சென்றுவிடுகிறான். இந்தக் கதையில் நம்பத் தகுந்தது ஏதுமில்லை. ஆனால் மரத்தின் மேல் அச்சத்தில் அலறிக்கொண்டிருந்த பெண், எதிரில் இருப்பவனுக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் இடத்தில் படம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அவன் அவளைத் தொட்டு ஒரு பெயரையும் தன் மார்பைத் தொட்டு இன்னொரு பெயரையும் மாறிமாறிச் சொல்கிறான். புதிய விளையாட்டைக் கண்ட பிள்ளையைப் போல அதை நிறுத்தவே மறுக்கிறான். விரலின் அழுத்தம் கூடக்கூட அவளுடைய பயம் எரிச்சலாகி, எரிச்சல் சிரிப்பாகிறது. டார்ஜானாக நடித்த ஜானி வெய்ஸ்முல்லர் 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வென்றவரே தவிர, நடிப்புப் பயிற்சி பெற்றவர் அல்லர். அவருக்குக் கிடைத்த சொற்களும் மிகச் சிலவே. அந்தச் சில சொற்களும் ஜேனாக நடித்த மௌரீன் ஓ'சல்லிவனின் முகமாற்றங்களும் சேர்ந்துதான் காதலைக் கட்டின.

1981ஆம் ஆண்டுப் படத்தில் மைல்ஸ் ஓ'கீஃப் நடித்த டார்ஜானுக்கு ஒரு வசனம்கூட இல்லை. காட்டில் வளர்ந்தவனுக்குப் பேச்சு வராதது இயல்புதானே என்று வாதிடலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் பேசக் கற்றுக்கொள்வதும் மற்றவர் கற்றுக்கொடுப்பதும்தான் இந்த இருவருக்கும் இடையில் நடக்கும் ஒரே நிகழ்ச்சி. அதை நீக்கிவிட்டால் அவன் அழகான சிலையாகி நின்றுவிடுகிறான், அவள் அந்தச் சிலையைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். போ டெரெக்கின் நடிப்பைத் திட்டியவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பதில் சொல்லாத ஒருவனை எதிரில் நிறுத்தி, வியப்பு, ஆசை, தயக்கம் அனைத்தையும் வாய்விட்டுச் சொல்லும்படி எழுதப்பட்ட வசனத்தைத் தேர்ந்த நடிகை பேசினாலும் செயற்கையாகத்தான் ஒலிக்கும். எழுத்தில் நேர்ந்த குறைக்கு நடிகை தண்டனை வாங்கினார்.

இரண்டாவது தவறு உடலைப் பற்றியது. இதைச் சொல்லும்போது பலரும் ஒழுக்கப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். ஆடையில்லாத காட்சிகள் வந்ததால் படம் கெட்டது என்பது தவறான நோயறிதல். வெய்ஸ்முல்லர் வரிசையின் இரண்டாவது படமான 1934ஆம் ஆண்டின் 'டார்ஜான் அண்ட் ஹிஸ் மேட்' படத்திலேயே ஜேன் ஆடையின்றி நீருக்கடியில் நீந்தும் காட்சி உண்டு. ஓ'சல்லிவனுக்குப் பதிலாக ஒலிம்பிக் நீச்சல் வீராங்கனை ஜோசபின் மெக்கிம் அதில் நீந்தினார். தணிக்கை விதிகள் இறுகிய காலத்தில் அது வெட்டப்பட்டது என்றாலும், பின்னாளில் மீட்கப்பட்டபோது அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அதன் அழகைத்தான் புகழ்ந்தார்கள். அந்தக் காட்சியில் இருவர் சேர்ந்து நீந்துகிறார்கள், விளையாடுகிறார்கள். உடல் அங்கே ஒரு செயலில் ஈடுபட்டிருக்கிறது. 1981இல் உடல் காட்சிக்கு வைக்கப்படுகிறது, கதை ஓரமாக நின்று காத்திருக்கிறது. இயக்குநர் ஜான் டெரெக், போ டெரெக்கின் கணவர், ஒளிப்பதிவும் அவருடையதே, தயாரிப்பாளரோ போ டெரெக். வெட்டு என்று சொல்ல அந்தக் கூடாரத்தில் வேற்று மனிதர் ஒருவர் இருந்திருந்தால், கடற்கரைக் காட்சிகளில் பாதியாவது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஜேனின் பார்வையில் கதையைச் சொல்ல முயன்றதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். மறுஆக்கம் செய்பவர் யோசிக்க வேண்டிய நல்ல வழி அது. மகளைக் கைவிட்ட தகப்பன், அவனைத் தேடி வந்து கணக்குக் கேட்கும் மகள், இவர்களுக்கு நடுவே வந்து நிற்கும் காட்டு மனிதன் என்று ஒரு கனமான முக்கோணம் அந்தத் திரைக்கதையில் கருவாக இருந்திருக்கிறது. அதைப் பாதியிலேயே விட்டதுதான் பிழை. தகப்பனாக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் ஒவ்வொரு காட்சியையும் உரத்த குரலால் விழுங்கிவிட, மகளின் கேள்வி அந்த இரைச்சலில் காணாமல் போகிறது. 1932இல் சி. ஆப்ரே ஸ்மித்தின் பார்க்கர், மகளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்தும் மனிதராக இருந்தார். யானைகளின் இடுகாட்டை எட்டிய பிறகு அவர் சாகும்போது நமக்கு ஏதோ ஆகிறது. பாத்திரத்தைப் பெரிதாக்குவதும் அதன் சத்தத்தைப் பெரிதாக்குவதும் ஒன்றல்ல.

சண்டைக் காட்சிகளில் நேர்ந்த தவறு வேறுவகை. டார்ஜான் ஒரு பெரிய மலைப்பாம்போடு போராடும் காட்சி, ஸ்லோமோஷனில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கரையும் பிம்பங்களாக, நீண்டுகொண்டே போகிறது. ஆபத்து என்பது நேரக் கணக்கு. அடுத்த நொடியில் பிடி இறுகுமா, தப்புவானா என்ற பதற்றத்தில்தான் சாகசம் இருக்கிறது. நொடியை நான்காக நீட்டும்போது பார்வையாளருக்கு யோசிக்க அவகாசம் கிடைத்துவிடுகிறது, யோசிக்கத் தொடங்கியவருக்குப் பாம்பு ரப்பராகத் தெரியத் தொடங்குகிறது. 1932ஆம் ஆண்டுப் படத்தின் வித்தைகள் இதைவிட எளிதில் பிடிபடக்கூடியவை. கொடியில் ஊசலாடுபவர் வெய்ஸ்முல்லர் அல்லர், சர்க்கஸில் பார் விளையாடும் கலைஞர் என்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். வேகம் அதைக் காப்பாற்றிவிடுகிறது.

காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு, அதிலும் தமிழ் வாசகருக்கு. பழைய படத்தின் ஆப்பிரிக்கா பெரும்பாலும் கலிபோர்னியா. அதே இயக்குநர் சற்று முன்பு ஆப்பிரிக்காவுக்கே சென்று எடுத்த 'டிரேடர் ஹார்ன்' என்ற படத்தில் மிஞ்சிய காட்சித் துண்டுகளை இடையிடையே ஒட்டிக்கொண்டார்கள். ஆசிய யானைகளுக்குப் பெரிய பொய்க்காதுகளை மாட்டி ஆப்பிரிக்க யானைகளாக்கினார்கள். இவ்வளவு ஏமாற்றுக்கும் பிறகு படத்தில் காடு இருக்கிறது. இலைகளுக்கு அப்பால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு இருக்கிறது. 1981இல் படக்குழு உண்மையான வெப்பமண்டலக் காட்டைத் தேடி இலங்கைக்கே சென்றது. காடு உண்மை, அருவி உண்மை, வெளிச்சம் உண்மை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்கா என்று சொல்லிக்கொண்டு அதற்குள் ஓர் ஓராங்குட்டானை உலவவிட்டார்கள். ஓராங்குட்டான் போர்னியோவிலும் சுமத்ராவிலும் மட்டுமே இயற்கையாக வாழும் வாலில்லாக் குரங்கு. ஆப்பிரிக்காவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை. தந்தத்தைத் தேடிப் போகும் கதையை இலங்கையில் எடுத்ததிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆசியப் பெண் யானைக்கு வெளியே தெரியும் தந்தம் கிடையாது என்பதோடு, இலங்கையில் ஆண் யானைகளிலேயே தந்தம் உள்ளவை மிகச் சொற்பம். தகவல் பிழைக்காக ஒரு சாகசப் படத்தைத் தூக்கில் போட வேண்டியதில்லைதான். இருப்பினும், படப்பிடிப்புத் தளம் எவ்வளவு உண்மையானதோ அவ்வளவுக்குப் பொய் வெளியே துருத்தும் என்பதை நினைவில் வைக்காதவர்கள், செலவழித்துச் சென்று பொய்க்காதைவிட மோசமான ஒன்றைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

மூலத்தின் அழுக்கைத் துடைக்காமல் அப்படியே எடுத்துவருவதும் தவறுதான். 1932ஆம் ஆண்டுப் படம் ஆப்பிரிக்க மக்களைச் சுமைகூலிகளாகவும் மிரட்டும் கும்பலாகவும் மட்டுமே காட்டியது. குள்ள இனத்தவராக வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்தார்கள். அரை நூற்றாண்டில் ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற பிறகும், மறுஆக்கத்தில் பழங்குடியினர் வெள்ளைக்காரப் பெண்ணைக் கடத்திச் செல்லும் கூட்டமாகவே வருகிறார்கள். எதை மாற்ற வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எதைக் காக்க வேண்டுமோ அதை மாற்றினார்கள்.

எதைக் காக்க வேண்டும் என்ற இந்தக் கேள்வி, வேறெந்த மறுஆக்கத்துக்கும் எளிதில் நேராதபடி, நீதிமன்றம்வரை சென்றது. டார்ஜானைப் படைத்த எட்கர் ரைஸ் பரோஸ் 1931இல் எம்.ஜி.எம். நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி, நிறுவனம் மறுஆக்கம் செய்யலாம், ஆனால் அது முதல் படத்தையே பெரிதும் தழுவியிருக்க வேண்டும், கதையிலிருந்து முக்கியமான விலகல் கூடாது. ஜான் டெரெக்கின் படம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று பரோஸின் வாரிசுகள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார்கள். சில ஆடையற்ற காட்சிகளைக் குறைத்த பிறகே படம் திரைக்கு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டப்படி அது மறுஆக்கம்தான்: பார்க்கர், ஹோல்ட், ஜேன், டார்ஜான், தந்தம், கடத்தல், மீட்பு எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு கதையின் சரக்குப் பட்டியலில் எல்லாப் பொருளும் சரியாக இருந்தும் கதை இல்லாமல் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நேர்எதிர்த் தவறைச் செய்தது 1959ஆம் ஆண்டுப் படம். கூடைப்பந்து வீரர் டென்னி மில்லரை டார்ஜானாக்கிய அந்தப் படம், 1932ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்கே சாயமேற்றி இடையில் சேர்த்துக்கொண்டது. தூரக்காட்சியில் ஊசலாடுபவரும் நீந்துபவரும் வேறு ஆள் என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. சிக்கனம் என்று இதற்குப் பெயர் வைத்திருப்பார்கள்.

கடைசியாக, பார்ப்பவர்களும் எழுதுபவர்களும் செய்யும் ஒரு தவறு. மறுஆக்கத்தை நாம் பெரும்பாலும் மூலப்படத்தோடு ஒப்பிடுவதில்லை, மூலப்படத்தைப் பற்றிய நம் நினைவோடு ஒப்பிடுகிறோம். டார்ஜான் தன்னையும் ஜேனையும் அறிமுகப்படுத்தி ஒரே வாக்கியமாகச் சொல்வான் என்று உலகமே மேற்கோள் காட்டுகிறது. 1932ஆம் ஆண்டுப் படத்தில் அப்படியொரு வாக்கியம் கிடையாது, இரண்டு பெயர்கள் மட்டும்தான். நாவலின் அறிவாளி டார்ஜானை 1981ஆம் ஆண்டுப் படம் பேச்சற்றவனாக்கிவிட்டது என்ற புகாரும் அரைகுறையானதே. 1912இல் இதழில் வெளிவந்த மூலக்கதையில், பெற்றோர் விட்டுச்சென்ற குடிலில் கிடந்த புத்தகங்களைப் பார்த்துத் தானாகவே படிக்கக் கற்றவன் டார்ஜான். மனிதரோடு அவன் முதலில் பேசிய மொழி பிரெஞ்சு. அவனை ஒற்றைச் சொல் மனிதனாக்கியது நாம் கொண்டாடும் வெய்ஸ்முல்லர் படம்தான். அந்த ஒற்றைச் சொல்லையும் பறித்தது மட்டுமே ஜான் டெரெக்கின் பங்கு.

மூன்றே ஆண்டுகளில், 1984இல், ஹியூ ஹட்சன் இயக்கிய 'கிரேஸ்டோக்' என்ற படம் நாவலின் பக்கம் திரும்பியது. ஐயன் ஹோம் நடித்த டார்னோ என்னும் பாத்திரம் கிறிஸ்டோபர் லாம்பெர்ட்டின் டார்ஜானுக்குப் பொருள்களைக் காட்டிக்காட்டிச் சொற்களைக் கற்றுத்தருவதற்கு அந்தப் படம் பொறுமையாக நேரம் ஒதுக்கியது. அதற்கும் குறைகள் உண்டு. திரைக்கதை எழுதிய ராபர்ட் டவுன் அதிருப்தியில் தம் பெயருக்குப் பதிலாகத் தம் நாயின் பெயரைப் போடச் செய்தார். ஜேனாக நடித்த ஆண்டி மெக்டவலின் அமெரிக்கத் தென்மாநில உச்சரிப்பு பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று கருதி, அந்தப் படத்தில் அவருடைய வசனம் முழுவதையும் கிளென் குளோஸின் குரலில் மறுபடி ஒலிப்பதிவு செய்தார்கள்.