நம் ஊர் அவகாடோவும் வாட்டிய பாணும்: புதிதாகச் சமைப்பவர்களுக்கான செய்முறை

வாட்டிய பாணில் அவகாடோவை மசித்துப் பூசி, அதன்மேல் பச்சைக் காய்கறிகளை வைத்து உண்பது கொழும்பின் சிற்றுண்டிச்சாலைகள் பலவற்றில் இப்போது கிடைக்கும் காலை உணவு. வீட்டில் செய்வதற்கு இதைவிட எளிதான சிற்றுண்டி அரிது. அடுப்பில் வேலை அதிகம் இல்லை. ஆயினும் வெளிநாட்டுச் செய்முறை ஒன்றை வைத்துக்கொண்டு, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாங்கிய பழத்தில் இதைச் செய்து பார்த்த பலர், பாண் ஊறிப்போனதென்றும் பழம் சப்பென்றிருந்ததென்றும் சொல்லி அத்துடன் விட்டுவிடுகிறார்கள். கைப்பக்குவத்தில் குறை ஏதும் இல்லை. அந்தச் செய்முறைகள் வேறொரு பழத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

1993ஆம் ஆண்டு சிட்னியில் தமது சிற்றுண்டிச்சாலையைத் தொடங்கிய பில் கிரேஞ்சர் இந்த உணவைப் பரவலாக்கியவராகக் குறிப்பிடப்படுகிறார்; தென்னமெரிக்காவில், குறிப்பாகச் சிலியில், ரொட்டியில் அவகாடோ பூசி உண்பது அதற்கு முன்பே அன்றாட வழக்கம். இன்று உலகச் சந்தையில் பெருமளவில் விற்பது, கலிபோர்னியாவில் 1935இல் காப்புரிமை பெற்ற ஹாஸ் என்னும் வகை. அது சிறியது, தடித்த கரடுமுரடான தோல் கொண்டது, எண்ணெய் மிகுந்தது. கண்டி, மாத்தளை, பதுளை மாவட்டங்களிலிருந்து நம் சந்தைக்கு வரும் பழங்களோ பெரும்பாலும் பெரியவை, தோல் வழுவழுப்பானவை, சதையில் நீர் கூடியவை. பாலும் சீனியும் சேர்த்து அடித்துக் குடிக்கும்போது அந்த நீர் நமக்குத் தெரிவதில்லை. பாணில் பூசியவுடன் தெரிந்துவிடுகிறது. ஆகவே நம் பழத்தில் இந்தச் சிற்றுண்டியைச் செய்யப் புறப்படுபவர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பழத்திலும் காய்கறியிலும் பாணிலும் உள்ள நீரை எங்கே குறைக்க முடியுமோ அங்கே குறைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகவே.

தேவையானவை

இரண்டு பேருக்கு நான்கு துண்டு பாண், ஏறத்தாழ 400 கிராம் எடையுள்ள ஓர் அவகாடோ, அரைத் தேசிக்காய், ஒரு பல் உள்ளி, உப்பு, புதிதாக இடித்த மிளகு ஆகியவை வேண்டும். காய்கறியில் ஒரு தக்காளி, ஒரு சிறிய வெள்ளரிக்காயில் பாதி, ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி வல்லாரை. காரம் விரும்புபவர்கள் ஒரு பச்சை மிளகாயையோ, இரண்டு செத்தல் மிளகாயை ஒன்றிரண்டாக இடித்தோ எடுத்துக்கொள்ளலாம். கரட், கறிமிளகாய், முளைகட்டிய பயறு எல்லாமே பொருந்தும் என்றாலும், ஒரே துண்டில் நான்கு வகைக்கு மேல் போடாதீர்கள்; போட்டால் அவகாடோவின் சுவை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

முதற்படி: பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தச் செய்முறையில் பாதி வேலை சந்தையிலேயே முடிந்துவிடுகிறது என்பதால், இதற்குக் கொஞ்சம் பொறுமை தேவை. அவகாடோ மரத்தில் இருக்கும்வரை கனிவதில்லை. பறித்த பிறகே கனியத் தொடங்கும். முற்றிய பிறகு பறித்த காய் வீட்டில் நன்றாகக் கனியும். முற்றாமல் பறித்த காயோ எத்தனை நாள் வைத்தாலும் தோல் சுருங்கி, சதை இரப்பர் போல் இழுபட்டு, லேசாகக் கைக்கும். முற்றலா இல்லையா என்று அறிய, பழத்தைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சில வகைகளில் முற்றிய காயின் விதை உள்ளே தளர்ந்து தடதடவென்று ஆடும். எல்லா வகையிலும் இந்தச் சத்தம் வராது என்பதால், சத்தம் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பழத்தை ஒதுக்க வேண்டாம்.

ஹாஸ் வகை கனியும்போது தோல் கறுப்பதைப் பார்த்து, நிறத்தை வைத்தே பக்குவத்தைக் கணிக்கலாம் என்று வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்லும். நம் சந்தைப் பழங்களில் பல கனிந்த பின்னும் பச்சையாகவே இருக்கும். வேறு சில முன்பிருந்தே ஊதா நிறம் கொண்டவை. எனவே கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, காம்புப் பக்கத்தில் மெல்ல அழுத்த வேண்டும். அந்த இடம் சற்றே நெகிழ்ந்து, நடுப்பகுதி இன்னும் உறுதியாக இருந்தால் பாணுக்கு அதுவே சரியான பக்குவம். முழுப் பழமும் கொளகொளவென்று அமுங்கினால் அது பாலில் அடித்துக் குடிப்பதற்கு உரியது, பாணுக்கு வேண்டாம். விரல் நுனியால் குத்தி அழுத்தினால் அந்த இடம் உள்ளே கன்றிக் கறுத்துவிடும் என்பதையும், அடுத்து வாங்க வருபவருக்கும் அந்தப் பழம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடினமான பழமே கிடைத்தால் கவலை இல்லை. கொழும்பின் வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களில், சில வேளை நான்கைந்து நாட்களில், தானாகவே கனிந்துவிடும். விரைவாக வேண்டுமென்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் சேர்த்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள்; வாழைப்பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு அவகாடோவையும் கனியத் தூண்டும். நம் வீடுகளில் அரிசிக்குள் புதைத்து வைப்பதும் இதே காரணத்தால்தான் பலிக்கிறது, ஏனெனில் பழம் தானே வெளிவிடும் வாயு அரிசிக்குள் அதைச் சுற்றியே தங்கிவிடுகிறது. கனியாத காயை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் கனிதல் தடைப்படுவதோடு, நாட்கணக்கில் வைத்தால் சதையும் கறுக்கும். கனிந்த பழத்தை ஓரிரு நாள் வைக்கலாம்.

இரண்டாம் படி: காய்கறி

காய்கறியைப் பச்சையாக உண்ணப் போவதால் கழுவுவதில் சிக்கனம் கூடாது. தக்காளியையும் வெள்ளரிக்காயையும் ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். வல்லாரையில் அடித்தண்டோடு மண் ஒட்டியிருக்கும். அதை ஒரு பாத்திரம் நிறைந்த நீரில் அலசி, மண் அடியில் தங்கியதும் இலையை மட்டும் மேலாக அள்ளியெடுத்து, நீரை மாற்றி மீண்டும் அலச வேண்டும். இறுதி அலசலுக்குக் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துவது நல்லது. அவகாடோவின் தோலையும் இப்போதே கழுவிவிடுங்கள். தோலை நாம் உண்பதில்லை என்றாலும், வெட்டும்போது கத்தி அதன்மேல் உள்ள அழுக்கைச் சதைக்குள் கொண்டுபோகும்.

தக்காளியை நான்காகப் பிளந்து, விதையையும் அதைச் சூழ்ந்த கூழையும் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, சதையை மட்டும் சிறு சதுரங்களாக வெட்டுங்கள். வழித்த கூழை எறிய வேண்டாம், மதியக் குழம்பில் சேர்க்கலாம். வெள்ளரிக்காயை மெல்லிய வட்டங்களாகச் சீவி, இரண்டையும் ஒரு வடிதட்டில் பரப்பி, இரண்டு சிட்டிகை உப்புத் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு காய்கறியின் நீரை வெளியே இழுக்கும். பத்து நிமிடம் கழித்து வடிதட்டின் அடியில் பார்த்தால், பாணில் இறங்கியிருக்க வேண்டிய நீர் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். பின்னர் சுத்தமான துணியில் ஒற்றியெடுங்கள். இந்தக் காய்கறிக்கு இனி உப்பு வேண்டாம்.

சின்ன வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, தேசிக்காய்ச் சாறு சில துளிகள் விட்டுப் பிசிறித் தனியே வையுங்கள். புளிப்பில் ஊறும்போது அதன் காரம் அடங்கி, நிறம் அழகான இளஞ்சிவப்பாக மாறும். வல்லாரையைச் சம்பலுக்கு அரிவது போல மிக நுணுக்கமாக அரிய வேண்டும். ஆனால் அதைக் கடைசி நேரத்தில் மட்டுமே அரியுங்கள், முன்கூட்டியே அரிந்தால் வாடிக் கறுத்துவிடும்.

மூன்றாம் படி: பாண்

பேக்கரியில் ஓர் இறாத்தல் என்று வாங்கும் 450 கிராம் பாணே இதற்குப் போதும். விலை கூடிய தானியப் பாண் கட்டாயம் என்று எண்ண வேண்டியதில்லை, ஆனால் குரக்கன் பாணோ தவிட்டுப் பாணோ கிடைத்தால் அவற்றின் அழுத்தமான சுவை அவகாடோவுடன் நன்றாகச் சேரும். அன்று சுட்ட சூடான பாணை விட முதல்நாள் பாண் சிறந்தது; அது நசுங்காமல் வெட்டுப்படும், நீர் குறைந்திருப்பதால் சீக்கிரம் மொறுமொறுப்பாகும். வெட்டி விற்கும் மெல்லிய துண்டுகள் அவகாடோவின் பாரத்தைத் தாங்குவதில்லை என்பதால், முழுப் பாணை வாங்கி ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

டோஸ்டர் இல்லாதவர்கள் தோசைக்கல்லைப் பயன்படுத்தலாம்; என் விருப்பமும் தோசைக்கல்தான், ஏனெனில் பாண் வாடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க முடிகிறது. கல்லை நடுத்தர நெருப்பில் காயவைத்து, எண்ணெயோ பட்டரோ பூசாமல் துண்டுகளைப் போட்டு, தட்டகப்பையால் ஓரங்களை மெல்ல அழுத்தி விடுங்கள். ஒரு பக்கத்திற்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் பிடிக்கும். நெருப்பைக் கூட்டினால் மேற்பரப்பு கருகி உள்ளே ஈரமாகவே இருக்கும். அவசரப்படாமல் வாட்டினால்தான் ஈரம் வெளியேறி, பொன்னிறமும் வாசனையும் ஒருங்கே வரும். கல்லில் இருந்து எடுத்ததும் துண்டுகளைத் தட்டில் படுக்க வைக்கக் கூடாது. அடியில் தங்கும் ஆவி மொறுமொறுப்பை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடும். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி வையுங்கள். சூடு இருக்கும்போதே உரித்த உள்ளிப் பல்லை ஒவ்வொரு துண்டின் ஒரு பக்கத்திலும் இரண்டு முறை தேய்த்தால், சொரசொரப்பான மேற்பரப்பில் உள்ளி கரைந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் தேய்த்தால் உள்ளியின் வாசனை மட்டுமே மிஞ்சும்.

நான்காம் படி: அவகாடோவை வெட்டி மசித்தல்

பாண் ஆறத் தொடங்கிய பிறகே பழத்தை வெட்டுங்கள். வெட்டிய அவகாடோவின் சதையில் உள்ள நொதிகள் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து அதைப் பழுப்பாக்குகின்றன. தேசிக்காயின் புளிப்பு அந்த வேகத்தைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது.

பழத்தைப் பலகையில் வைத்து, நீளவாக்கில் கத்தி விதையைத் தொடும்வரை அழுத்தி, சுற்றிலும் ஒரே கோடாக வெட்டுங்கள். இரு பாதிகளையும் எதிரெதிர்த் திசையில் திருகினால் பிரிந்துவிடும். விதையில் கத்தியை ஓங்கி வெட்டி நெம்பி எடுப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். பழகாதவர்கள் அதைச் செய்யவே கூடாது, கத்தி வழுக்கினால் நேரே உள்ளங்கையில்தான் இறங்கும். ஒரு கரண்டியை விதைக்கு அடியில் செருகித் தூக்கினால் போதும். அதே கரண்டியால் தோலை ஒட்டிச் சதையை வழித்தெடுங்கள். தோலுக்கு அருகில் இருக்கும் கடும்பச்சைப் பகுதியையும் விடாமல் எடுக்க வேண்டும். நார் தெரிந்தால் இப்போதே இழுத்து அகற்றிவிடுங்கள்.

சதையை அகன்ற தட்டில் இட்டு முள்ளுக்கரண்டியால் மசியுங்கள். மிக்சியில் இட்டால் அது கூழாகி நீர் விடும். பாதி மசிந்தும் பாதி சிறு கட்டிகளாகவும் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அந்தக் கட்டிகள்தான் கடிக்கும்போது பழத்தின் சுவையைத் தருகின்றன. ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மிளகு சேர்த்துக் கிளறிச் சுவைத்துப் பாருங்கள். நம் பழத்தில் எண்ணெய் குறைவு என்பதால், ஒரு தேக்கரண்டி ஒலிவ் எண்ணெய் சேர்த்தால் வழவழப்பு கூடும். சாற்றை அதிகம் விடுவதுதான் புதியவர்களிடம் காணும் பொதுவான தவறு. கறுத்துவிடும் என்ற பயத்தில் முழுத் தேசிக்காயையும் பிழிந்தால் மசியல் நீர்த்துப்போகும். உடனே உண்ணப்போகும் உணவுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

ஐந்தாம் படி: அடுக்குதல்

உள்ளி தேய்த்த பக்கத்தில் மசியலை ஓரம்வரை தடிப்பாகப் பரப்புங்கள். அதன்மேல் வெள்ளரி வட்டங்கள், அவற்றின்மேல் தக்காளி, பிறகு சாறு வடித்த வெங்காயம், கடைசியாக வல்லாரை. தக்காளியும் கரட்டும் வெறும் நிறத்திற்கானவை அல்ல. அவற்றில் உள்ள கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை, அவகாடோவின் கொழுப்போடு உண்ணும்போது உடல் அவற்றைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இடித்த செத்தல் மிளகாயை விரல்களால் தூவி, பத்து நிமிடத்திற்குள் உண்டுவிடுங்கள். இன்னும் வயிறு நிறைய வேண்டுமென்றால் அவித்த முட்டையை வட்டமாக வெட்டி வைக்கலாம். சிறுவர்களுக்கு மிளகாயையும் வல்லாரையையும் தவிர்த்துக் கரட் துருவல் போட்டுக் கொடுங்கள்.

அலுவலகத்திற்கு எடுத்துச் செல்ல விரும்புபவர்கள் பாண், மசியல், காய்கறி மூன்றையும் தனித்தனி டப்பாக்களில் கொண்டுபோய், உண்ணும் நேரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டப்பாவில் மசியலின் மேற்பரப்பை ஒட்டினாற்போல ஒரு பொலித்தீன் தாளை அழுத்தி மூடினால் காற்றுப் படாது.

ஒருவருக்கு மட்டும் செய்வதானால் விதை ஒட்டியுள்ள பாதியை மீதமாக வையுங்கள். விதை மறைத்திருக்கும் இடத்தில் காற்றுப் படாது, திறந்திருக்கும் சதையில் தேசிக்காய்ச் சாறு தடவி இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும். மேலே படிந்த பழுப்பு நிறத்தை மெல்லியதாகச் சீவிவிட்டால் அடியில் பச்சை அப்படியே இருக்கும். அது பாணுக்கு ஏற்ற உறுதியை இழந்துவிட்டதாகத் தோன்றினால், குளிர்ந்த பாலும் இரண்டு தேக்கரண்டி சீனியும் சேர்த்து அடித்துக் குடித்துவிடுங்கள்.