1967-க்கு முந்தைய அலி: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குத்துச்சண்டை தொடங்குபவர்களுக்கு

முகமது அலி படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பயிற்சி தொடங்கும் பையன்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைச் செய்வார்கள். இரண்டு கையையும் தொடைப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தைப் பின்னால் இழுத்து இழுத்துக் குதிப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், எதிரில் ஆள் வந்து நிற்கும் வரை. அலியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியவை கால், ஜாப் (முன்கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து), தூரக் கணக்கு. விட்டுவிட வேண்டியது தொங்கிய கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருடைய வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். ஊரில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி தொடங்க நினைக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் எழுதியது இது.

இடமும் மூட்டையும்

அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) போட்டி ரிங்கின் உள்ளளவு கயிற்றுக்குக் கயிறு 6.1 மீட்டர், அதாவது 20 அடிச் சதுரம். மேடை, கயிறு எதுவும் இப்போது வேண்டாம். செம்மண் தரையில் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, சுண்ணாம்புப் பொடியில் சதுரம் போட்டால் போதும். சிமென்ட் களத்தில் ஸ்கிப்பிங் ஆடவிட்டால் சில வாரத்தில் முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்பார்கள். வேறு வழியே இல்லையென்றால் பழைய ரப்பர் பாய் விரித்து ஆடவிடுங்கள்.

குத்திப் பழகும் மூட்டையைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரம் லாரித் தார்ப்பாய் தைப்பவர்களிடம் 4 அடி உயரம், 14 அங்குல விட்டத்தில் இரட்டைத் துணியாகத் தைத்து வாங்கலாம். வாயில் நான்கு இடத்தில் இரும்புக் கண் அடித்துத் தரச் சொல்லுங்கள். யூரியா சாக்கைத் தொங்கவிட்டால் தையல் பிரிந்துவிடும். உள்ளே அடைக்க மெக்கானிக் கடைக்காரர்கள் கிலோக் கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் நல்லது. அரை அடிக்கு ஒருமுறை உலக்கையால் இடித்து இறுக்க வேண்டும். குத்துபவரின் எடையில் பாதி மூட்டைக்கு இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 25 முதல் 30 கிலோ. எடை போதவில்லையென்றால் ஐந்து கிலோ மணலைத் தனிப் பையில் கட்டி நட்ட நடுவில் வைத்துச் சுற்றித் துணி அடையுங்கள். முழுக்க மணல் கொட்டினால் அது அடியில் இறங்கிக் கல்லாகும், மேலே துணி தொளதொளக்கும். அடியில் குத்தினால் விரல் முட்டி போகும், மேலே குத்தினால் மணிக்கட்டு மடங்கும். ஒரு வாரம் தொங்கியபின் உள்ளே இறங்கியிருக்கும். வாயைத் திறந்து மறுபடி அடையுங்கள்.

தொங்கவிடத் தொடை கனமுள்ள புளியங்கிளை பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கையைத் தொடவே தொடாதீர்கள். சங்கிலி மரத்தை அறுக்காமல் இருக்க, லாரி ட்யூபை வெட்டிக் கிளையில் இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் கட்டுங்கள். மூட்டையின் நடுப்பகுதி பிள்ளைகளின் நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும். ரொம்ப ஆடினால் அடியில் ஒரு கயிறு கட்டி, தரையில் அடித்த முளையோடு லேசாக இழுத்துக் கட்டுங்கள்.

கைக்கட்டு

குத்தும் முன் கையில் சுற்றும் துணிப் பட்டை இது. வாங்கினால் 4.5 மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலம். காசு இல்லையென்றால் எட்டு முழ வேட்டி ஒன்று போதும். கரையை வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் 5 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்தால் சுமார் மூன்றரை மீட்டர் நீளத்தில் இருபது பட்டைக்குக் குறையாது, பத்துப் பிள்ளைகளுக்கு ஆகும். ஓரம் பிரியாமல் ஒரு தையல் ஓட்டிக்கொள்ளுங்கள்.

கட்டும்போது விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலில் ஒரு மடக்கு, புறங்கை வழியாக இறங்கி மணிக்கட்டில் மூன்று சுற்று, மேலேறி முட்டிகளில் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஒருமுறை நுழைத்து எடுத்து, கட்டைவிரலை ஒருமுறை வளைத்து, மீதியை மணிக்கட்டிலேயே முடிக்க வேண்டும். வேட்டிப் பட்டையின் நுனியை இரண்டாகக் கிழித்து மணிக்கட்டின் மேற்பக்கம் முடிச்சுப் போடலாம். கட்டியதும் முஷ்டியை மூடித் திறக்கச் சொல்லுங்கள். விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ இறுக்கம் அதிகம், அவிழ்த்துக் கட்டுங்கள். விரல்களைச் சேர்த்துப் பிடித்துக் கட்டினால் முஷ்டி மடக்கியதும் இறுகிப்போகும், பெரும்பாலும் இதுதான் காரணம். முட்டியைவிட மணிக்கட்டுக்குத்தான் துணி அதிகம் போக வேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு முதலில் போவது மணிக்கட்டு.

தொங்கிய கை ஏன் அலிக்குப் பலித்தது

அலி 6 அடி 3 அங்குலம். கை விரித்தால் 198 செ.மீ. எதிராளியின் குத்து வந்து சேரும் தூரத்துக்கு அரை அங்குலம் வெளியே நின்றுகொண்டு, வரும் குத்தைக் கண்ணால் பார்த்து முகத்தை மட்டும் பின்னுக்கு இழுப்பார். இடுப்பருகிலிருந்து சாட்டைபோல ஜாப் விடுவார். இதற்கு உயரம், கண், கால் மூன்றும் ஒன்றாக வேண்டும்.

அவருக்கே இது மூன்று முறை பலிக்கவில்லை. 1962-ல் சன்னி பேங்க்ஸ் முதல் ரவுண்டில் அவரைக் கீழே தள்ளினார். 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் நான்காவது ரவுண்டின் கடைசி நொடிகளில் தள்ளினார். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் ஜோ ஃப்ரேசியர் 15-வது ரவுண்டில் தள்ளினார். மூன்றுமே இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்து. வலது கை கன்னத்தில் இல்லை, தலை மட்டும் பின்னால் போகிறது, கால் நகரவில்லை. பேங்க்ஸையும் கூப்பரையும் பிறகு வென்றுவிட்டார், ஃப்ரேசியரிடம் தோற்றார். அதனால் நம் பிள்ளைகளுக்கு விதி ஒன்றுதான்: வலது கை கன்னத்தை விட்டு நகரக் கூடாது.

பழக்குவது எளிது. மூன்றடிக் குச்சியின் நுனியில் துணி சுற்றி நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஜாப் விட்டுக்கொண்டே இருக்கட்டும். வலது கை இறங்கும் ஒவ்வொரு முறையும் குச்சியால் கன்னத்தைத் தொடுங்கள். அடிக்க வேண்டாம், தொட்டாலே போதும். வாயால் ‘கையைத் தூக்கு’ என்று கத்துவதைவிட இது சீக்கிரம் ஏறும்.

ஜாப் விட இடது காலை முன்வைத்து நில்லுங்கள். பின்கால் குதிகால் தரையில் ஒட்டாமல் இருக்கட்டும். தோளிலிருந்து நேராக நீட்டி, கடைசியில் முஷ்டியைத் திருப்பி, தாடையைத் தோளில் மறைத்து, போன வழியிலேயே கையைத் திருப்ப வேண்டும். முழங்கை வெளியே விரிவதுதான் வழக்கமான தவறு. இடது தோளைச் சுவரை ஒட்டி நிறுத்தி ஜாப் விடச் சொல்லுங்கள். முழங்கை சுவரில் உரசும்போதெல்லாம் பிள்ளைக்கே தெரிந்துவிடும். கையைத் தாழ்வாகத் திருப்பினாலும் ஆபத்துதான். 1973-ல் அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டன், அலி ஜாப் விடும் அதே நேரத்தில் தானும் ஜாப் விட்டுத்தான் அந்தப் போட்டியை வென்றார்.

கால்

இடப்பக்கம் போனால் இடது கால் முதலில், வலப்பக்கம் போனால் வலது கால் முதலில். கால்கள் குறுக்கே போகவே கூடாது. பின்னிய நேரத்தில் லேசாகத் தட்டினாலும் விழுவார்கள். மூட்டையைச் சுற்றிக் கை நீளத் தூரத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, ஒரு நிமிடம் இடமாக, ஒரு நிமிடம் வலமாக, ஒரு நிமிடம் நீங்கள் கைதட்டும்போதெல்லாம் திசை மாற்றி. அலி துள்ளுவதுபோலத் தெரியும். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பாதம் தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எழாது. உயரக் குதிக்கும் பிள்ளை மேலே இருக்கும்போது நகரவும் முடியாது, குத்தவும் முடியாது.

எந்தப் பக்கம் சுற்றுவது? எதிராளியின் பலமான கையை விட்டு விலகிச் சுற்ற வேண்டும். 1964 பிப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் சன்னி லிஸ்டனின் இடது கைக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அலி பெரும்பாலும் தன் இடப்பக்கமாகவே சுற்றினார். ஆறு ரவுண்டு முடிந்ததும் லிஸ்டன் நாற்காலியை விட்டு எழவில்லை. வலது கைக்காரர் எதிரே நின்றால் வலப்பக்கம் சுற்றுங்கள்.

அலி ஷஃபிள் என்ற கால் சித்து விளையாட்டைப் பிள்ளைகள் கேட்பார்கள். பயிற்சி முடிந்த பிறகு ஆடிக்கொள்ளட்டும்.

எந்தப் போட்டியை, எப்படிப் பார்ப்பது

1967-க்கு முன், 1970-க்குப் பின் என்று அலி இரண்டு ஆள். வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பை மறுத்ததுதான் நடுவில் விழுந்த கோடு. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் சேர்ப்பு மையத்துக்கு அவர் போனார். ஒளியவில்லை, நாட்டை விட்டு ஓடவும் இல்லை. பெயர் கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வைக்க வேண்டும், அவர் வைக்கவில்லை. உலக சாம்பியன் பட்டம் போயிற்று, ஆடும் உரிமம் போயிற்று. ஜூனில் ஐந்தாண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் வெளியே இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. கல்லூரிகளில் பேசிச் சம்பாதித்தார். 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது. ஆனால் 25 வயதிலிருந்து 28 வயது வரை, கால் உச்சத்தில் இருக்க வேண்டிய மூன்றரை ஆண்டு, ரிங்குக்கு வெளியே கழிந்துவிட்டது. திரும்பி வந்தவருக்கு அந்தக் கால் இல்லை. கைத் தந்திரமும் அடி தாங்கும் உடம்பும்தான் இருந்தன.

ஆகவே பாடத்துக்கு 1966 நவம்பர் 14, கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ் போட்டியை எடுங்கள். மூன்று ரவுண்டுதான். முதல்முறை போன் திரையின் மேல்பாதியை ஒரு நோட்டால் மறைத்துவிட்டுக் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பாதி வேகத்தில், இடது கையை மட்டும். மூன்றாம் முறைதான் முழுதாக. அடுத்து கூப்பர் போட்டியின் நான்காம் ரவுண்டு. கீழே விழுவதற்கு முந்தைய நொடியில் நிறுத்தி, வலது கை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஆடியது காட்சிப் போட்டி. அந்தப் படத்தை வீட்டில் மாட்டலாம், பாடம் அதில் இல்லை.

1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்து களைக்க வைத்து எட்டாவது ரவுண்டில் வீழ்த்திய போட்டியைக் கடைசியாகக் காட்டுங்கள், எச்சரிக்கையோடு. அது 15 ரவுண்டுப் போட்டி, களைக்க வைக்க நேரம் இருந்தது. அமெச்சூரில் மூன்றே ரவுண்டு, பெரியவர்களுக்கே ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான். கயிற்றில் சாய்ந்து வாங்கிக்கொண்டிருந்தால் ரெஃபரி நிறுத்தி எண்ணத் தொடங்குவார், ரவுண்டும் எதிராளிக்குப் போகும்.

அலியின் வாய்ச்சவடாலையும் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். லிஸ்டனைக் கரடி என்றது விளையாட்டு. தடைக் காலத்தில் தனக்கு உதவிய ஃப்ரேசியரை கொரில்லா என்று கூப்பிட்டதை அந்த மனிதர் பல ஆண்டுகள் மறக்கவில்லை.

ஒரு நாள் பயிற்சி

புதியவர்களுக்கு ரவுண்டு இரண்டு நிமிடம், ஓய்வு ஒரு நிமிடம். போன் டைமரே போதும். ஸ்கிப்பிங் மூன்று ரவுண்டு, ஷேடோ (எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக் காற்றில் குத்துவது) இரண்டு, வட்டக் கால்பயிற்சி இரண்டு, மூட்டை மூன்று, முடிவில் வயிற்றுப் பயிற்சி. முதல் ஆறு வாரம் மூட்டையில் ஜாபும் வலது நேர்க்குத்தும் மட்டும். ஹூக் கேட்டு அடம்பிடிப்பார்கள், கொடுக்காதீர்கள். மணிக்கட்டு நேராக நிற்கப் பழகாத கையில் ஹூக் விட்டால் சுளுக்கிக்கொள்ளும். வாரத்தில் ஐந்து நாள், இரண்டு நாள் ஓய்வு.

சாப்பாட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம்: களி, கொள்ளு, நிலக்கடலை, முட்டை. பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டிருக்க வேண்டும். தண்ணீர்தான் இந்தப் பக்கம் யோசிக்க வேண்டிய விஷயம். பல ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், வியர்க்கும் பிள்ளை நிறையக் குடிப்பான்; ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

தலை

மூன்று மாதம் முடியும் முன் ஸ்பாரிங் (இருவர் எதிரெதிரே நின்று குத்திப் பழகுவது) வேண்டாம். பிறகும் தலைக்கவசம், பல் காப்பு, 14 அல்லது 16 அவுன்ஸ் க்ளவுஸ் இல்லாமல் வேண்டாம். ஒரே உயரம், ஒரே எடை, வேகம் பாதி.

அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. வாங்கிய அடிகளுக்கும் அதற்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் மருத்துவர்கள் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் 1980-ல் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கிய அலியைப் பார்த்தவர் எவரும் அந்தப் போட்டி நடந்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார். அன்று போட்டியை நிறுத்தியது அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ. அந்த வேலை உங்களுடையது. அடிபட்டபின் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்று பயிற்சி முடிந்தது. வீட்டுக்கு அனுப்பாமல் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங் ஏறக் கூடாது என்பது அமெச்சூர் விதி. ‘எனக்கு ஒண்ணுமில்லண்ணா’ என்று பையன் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

போட்டிக்கு அனுப்பும் நேரம் வந்தால் மாவட்ட விளையாட்டரங்கில் விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று ஆகியவற்றை முன்பே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் நாளுக்கு முன் பட்டினி போட்டு எடை குறைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளை சாதாரணமாக இருக்கும் எடையில் எந்தப் பிரிவு வருகிறதோ அதிலேயே பெயர் கொடுங்கள்.