கப்பலில் இரவுச் சாப்பாடு: மேல்தளத்து பஃபேயை எந்த நாளில், எப்படித் தேர்ந்தெடுப்பது

கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த உறவினர்கள் மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இரவுச் சாப்பாட்டுக்கு அந்தப் பெரிய உணவகத்துக்குத்தான் போக வேண்டுமா, மேலே பஃபேயிலேயே முடித்துக்கொள்ளலாமா?" மூவருக்கும் தொலைபேசியில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவைத்துவிட்டால் அடுத்தவருக்குச் சுட்டி அனுப்பிவிடலாம்.

எங்கள் பயணம் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுகள். இரண்டாம் நாள் பினாங்கு, மூன்றாம் நாள் புக்கெட், நான்காம் நாள் முழுக்கக் கடல், ஐந்தாம் நாள் காலை மறுபடி சிங்கப்பூர். நான், மனைவி, ஆறு வயது மகள், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. எந்தக் கப்பல் என்று சொல்லப்போவதில்லை. நடந்த குளறுபடியில் பாதி என்னுடையது. பெட்டி கட்டுவது, துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதெல்லாம் இந்தப் பதிவில் கிடையாது.

படி 1: பஃபே எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

"பஃபே" என்று எங்கும் பலகை இருக்காது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ராயல் கரீபியன் கப்பல்களில் அது விண்ட்ஜாமர், செலிப்ரிட்டியில் ஓஷன்வியூ கஃபே, நார்வீஜியனில் பெரும்பாலும் கார்டன் கஃபே, கார்னிவலில் லிடோ. பெயர் எதுவானாலும் இடம் அநேகமாக ஒன்றுதான்: மேல்தளங்களில், நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் அல்லது கப்பலின் பின்பகுதியில். மேசைக்கு வந்து பரிமாறும் பெரிய உணவகம் கீழே, மூன்று, நான்கு, ஐந்தாம் தளங்களில் இருக்கும்.

இரண்டும் டிக்கெட் விலைக்குள் அடக்கம். பஃபேயில் நாமே எடுத்துச் சாப்பிட்டால் டிப்ஸ் மிச்சமாகும் என்று என் மைத்துனர் கணக்குப் போட்டிருந்தார். ஆகாது. பெரும்பாலான கப்பல்களில் தலைக்கு இவ்வளவு என்று தினமும் கணக்கில் ஏறிவிடும், நீங்கள் எங்கே சாப்பிட்டாலும்.

படி 2: எந்த இரவு மேலே, எந்த இரவு கீழே

பலரும் இதைப் பயணம் முழுவதற்குமான ஒரே முடிவாக எடுக்கிறார்கள். தேவையில்லை. ஒவ்வொரு நாளும் தனித்தனியாக முடிவு செய்யலாம்.

கீழே உள்ள உணவகத்தில் பழைய வழக்கப்படி இரண்டு பந்திகள் உண்டு. முதல் பந்தி ஐந்தரை, ஆறு வாக்கில். இரண்டாவது எட்டு மணியையொட்டி. விரும்பிய நேரத்தில் போகும் ஏற்பாட்டையும் இப்போது பல கப்பல்களில் தேர்ந்தெடுக்கலாம். எப்படியிருந்தாலும் சூப், பிறகு முக்கிய உணவு, பிறகு இனிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரியவர்களுக்கு அது சுகம். என் மகள் முதல் இரவு சூப்புக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே மேசைவிரிப்பில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் வகுத்துக்கொண்ட கணக்கு இது. கரையிறங்கிச் சுற்றிவிட்டுக் களைத்துத் திரும்பும் நாள் பஃபே. குளித்து, உடை மாற்றி, பந்தி நேரத்துக்கு ஓட யாருக்கும் தெம்பு இருக்காது. கடலிலேயே கழியும் நாள் கீழே. கப்பல் ஆடுகிற நாளிலும் கீழே போங்கள். உயரமான தளத்தில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். மலாக்கா நீரிணை பெரும்பாலும் குளம் மாதிரி இருப்பதால் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நன்றாக உடுத்திக்கொண்டு வரச்சொல்லும் இரவு ஒன்று பல கப்பல்களில் உண்டு. கோட்டு இல்லையே என்று பயந்து அன்று மேலே ஓடிவிடாதீர்கள். அப்பா மயில்கண் வேட்டி, வெள்ளைச் சட்டையோடு கீழே வந்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேர் படம் எடுத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டார்கள். உடுத்தவே சலிப்பு என்றால் அது வேறு. மேலே சாதாரண உடை போதும். ஆனால் ஈர நீச்சலுடையும் வெறுங்காலும் அங்கும் ஆகாது.

நிலையான மேசை எடுத்திருந்தால், நாளை வரமாட்டோம் என்று பரிமாறுபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நமக்காக அந்த மேசை காத்திருக்கும்.

படி 3: கடிகாரம்

நான் இடறிய இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பஃபே நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்பது பொதுவான நினைப்பு. உண்மையில் மதியச் சாப்பாடு முடிந்து பிற்பகலில் மூடிவிட்டு, மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் திறந்து, ஒன்பது மணியளவில் மூடுகிற கப்பல்களே அதிகம். நேரம் கப்பலுக்குக் கப்பல் மாறும். அன்றன்றைய நேரம் செயலியில் இருக்கும். கேட்டால் வரவேற்பு மேசையில் அச்சடித்த தாளும் தருவார்கள். எனக்குத் தாள்தான் பிடிக்கும். அதை அறைக் கண்ணாடியில் செருகிவைத்தால் ஐந்து பேருக்கும் தெரியும். செயலியைத் திறந்துபார்ப்பது நான் ஒருவன்தான்.

நேரம் தெரிந்தும் நான் கோட்டைவிட்டேன். புக்கெட்டில் கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகில் பட்டோங் கரைக்குப் போனோம். கைபேசி தாய்லாந்து வலைப்பின்னலைப் பிடித்தது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி யாரையும் கேட்காமல் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. எங்கள் கப்பலோ பயணம் முழுவதும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. திரும்பி வந்து, ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து கைபேசியை விமான நிலைக்கு மாற்றினேன். அது தாய்லாந்து நேரத்திலேயே உறைந்துபோனது.

மகள் தூங்கி எழட்டும் என்று காத்திருந்துவிட்டு, கைபேசியில் எட்டு இருபதைப் பார்த்துக் கிளம்பினோம். லிஃப்டில் வேறு யாரும் இல்லாதபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மேலே போனால் விளக்குகள் பாதி அணைந்திருக்கின்றன. பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கப்பல் நேரம் ஒன்பது இருபது. ஓர் ஊழியர் இரக்கப்பட்டு மகளுக்கு இரண்டு வாழைப்பழங்கள் கொடுத்தார். நீச்சல்குளத்துக்கு மறுபக்கத்தில் பீட்சா கடை திறந்திருந்ததால் பிழைத்தோம். அம்மா பீட்சாவின் மேலிருந்த சீஸை உரித்துவைத்துவிட்டு அடிரொட்டியை மட்டும் தின்றார். "நேரம் பார்க்கத் தெரியாதவன் கப்பலுக்கு ஏன் வரவேண்டும்?" என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார்.

செய்ய வேண்டியது சுலபம். கப்பலில் ஏறியதும் கைபேசியில் நேர மண்டலம் தானாக மாறும் வசதியை அணைத்துவிட்டு, கப்பல் நேரத்தை நீங்களே வையுங்கள். அதைவிட நல்லது பழைய கைக்கடிகாரம். மறுநாளிலிருந்து எங்கள் ஐவருக்கும் அப்பாவின் சாவி கொடுக்கும் எச்எம்டிதான் கடிகாரம். கைபேசியோடு பேசும் ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். அதுவும் கூடச் சேர்ந்து ஏமாற்றும். சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பவும் இதே கணக்குதான். அங்கே ஒரு மணி நேரம் தவறினால் வாழைப்பழத்தோடு போகாது.

படி 4: கை கழுவுங்கள், மேசை பிடியுங்கள்

நுழைவாயிலில் கைகழுவும் தொட்டிகள் இருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டே கழுவுங்கள். நூறு பேர் பிடித்த கரண்டியைத்தான் நாமும் பிடிக்கப்போகிறோம். கப்பல்களில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரப்பும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் கிருமிநாசினி அவ்வளவாக வேலை செய்வதில்லை. கையில் களிம்பைத் தேய்த்துவிட்டு உள்ளே நழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பிறகு மேசை. ஒருவரை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போங்கள். மாலை ஏழு மணிவாக்கில் சூரியன் இறங்கும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நோக்கி வடமேற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல், திரும்பும்போது வலப்பக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் மாலை வலப்பக்கம் உட்கார்ந்து இருட்டுவதை மட்டும் பார்த்தேன்.

படி 5: தட்டில்லாமல் ஒரு சுற்று

வரிசையின் தொடக்கத்தில் ரொட்டி, சாலட், பாஸ்தா என்று வயிற்றை அடைக்கும் சமாச்சாரங்கள் இருக்கும். தட்டோடு போனால் அங்கேயே நிரம்பிவிடும். வெறும் கையோடு கடைசி வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். எடுக்கும்போது பெரிய தட்டு வேண்டாம், இனிப்புப் பகுதியில் அடுக்கியிருக்கும் சின்னத் தட்டே போதும். நான்கு முறை எழுந்து போனால் யாரும் எண்ணப்போவதில்லை. ஆறிப்போய் ஓரம் காய்ந்த தட்டத்தை விட்டுவிட்டு, உள்ளிருந்து புதிதாக வருவதற்கு இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

படி 6: சைவக்காரர்களுக்கு

சிங்கப்பூர்ப் பயணங்களில் இந்தியர்கள் நிறைய. எங்கள் பஃபேயில் பருப்பு, பனீர், சோறு, நாண், அப்பளம், ஊறுகாய் கொண்ட இந்தியப் பகுதி ஒன்று தினமும் இருந்தது. வட இந்தியச் சமையல்தான். சாம்பார் காலையில் மட்டும் தலைகாட்டியது.

காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த நீர் இருக்கலாம். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு இருக்கலாம். மூஸ் போன்ற குழைவான இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். "வெஜிடேரியன்" என்ற சீட்டு முட்டையைத் தடுக்காது. பக்கத்துத் தட்டத்துக் கரண்டியை யாராவது இதில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பரிமாறுபவரைவிட, பின்னால் நிற்கும் சமையற்காரரைக் கேட்பதே மேல். அவர்களுக்குத்தான் உள்ளே போனது என்னவென்று தெரியும், கேட்டால் கோபிப்பதும் இல்லை.

தயிர் விஷயம் அம்மாவால் தெரிந்தது. காலையில் அடுக்கியிருக்கும் வெறும் தயிர்க் கிண்ணங்கள் இரவில் வெளியே இருப்பதில்லை. இல்லை என்று நினைத்து மூன்று இரவுகள் பேசாமல் இருந்துவிட்டார். நான்காம் நாள் கீழ் உணவகத்துக்கு முன்பதிவு இருந்தும், காலும் வலிக்கிறது, மேலேயே போகலாம் என்றார். இந்தியப் பகுதியில் நின்ற சமையற்காரரிடம் கேட்டேன். குளிர்பெட்டியிலிருந்து மூன்று கிண்ணங்கள் எடுத்துவந்தார். அம்மா சூப் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, தயிரை ஊற்றி, முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே பிசைந்தார். கொஞ்சம் உப்பு. எலுமிச்சை ஊறுகாய் ஒரு துண்டு. ஜன்னலுக்கு வெளியே இருட்டில் ஏதோ எண்ணெய்க் கப்பலின் விளக்கு. இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்" என்றார்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். பூண்டு, வெங்காயம் கூடாது என்பவர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பஃபேயைவிடக் கீழ் உணவகமே பாதுகாப்பு. முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால் மறுநாளிலிருந்து தனியாகச் சமைத்துத் தருவார்கள்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர், வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றவிடுவதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலம் பொதுவாகப் போகும். நாங்கள் பருப்புப்பொடிப் பொட்டலம் கொண்டுபோனோம். பஃபேச் சோற்றோடு நன்றாகவே சேர்ந்தது. மறுதிசையில், பஃபேப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரையிறங்காதீர்கள். துறைமுகத்தில் பிடுங்கிவிடுவார்கள், சில நாடுகளில் அபராதமும் உண்டு.

இன்னொரு பின்சேர்க்கை: பதினொரு பேராகப் போன ஒரு குடும்பம் பஃபேயில் சேர்ந்து உட்கார இடமே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே மேசைகள் நான்கு, ஆறு பேருக்கானவை. திறந்த பத்து நிமிடத்துக்குள் போனால் பக்கத்துப் பக்கத்து மேசைகள் கிடைக்கும். ஏழு மணிக்குப் போனால் ஆளுக்கொரு மூலைதான்.