கப்பலில் எங்கே, எப்போது, எதைச் சாப்பிடுவது: உம்மாவோடு போய்வந்தபின் எழுதும் செய்முறை

எங்கள் கீழக்கரையில் கடலைப் பார்க்காத நாள் கிடையாது. ஆனால் சொகுசுக் கப்பல் ஒன்றைக் கரையிலிருந்து பார்த்தவர் இங்கே யாரும் இல்லை. பாக் நீரிணையும் ராமர் பாலப் பகுதியும் ஆழம் குறைந்தவை, பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகும். உம்மாவின் வாப்பா தனுஷ்கோடியில் போட் மெயில் ரயிலை விட்டு இறங்கி, தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஏறிப் போனவர். 1964 புயலுக்கு முன்னால் நடந்தது அது. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த உம்மாவுக்குக் கப்பலில் ஒருமுறை போக வேண்டும் என்று ஆசை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் 4 இரவுப் பயணத்துக்கு அவர்களையும் என் மனைவியையும் கூட்டிப் போனேன்.

டிக்கெட், அறை, விசா பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்று: சிங்கப்பூரை விட்டு வெளியேறித் திரும்பவும் உள்ளே வருகிறோம். விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் செல்லுமா, பலமுறை செல்லுமா என்று முதலில் பாருங்கள். இந்தப் பதிவு முழுக்கச் சாப்பாடு பற்றியது. அதில்தான் நாங்கள் ஒரு நாளைத் தொலைத்தோம்.

படி 1: ஏறுவதற்கு முன்னால்

கப்பலில் ஒரு பெரிய பஃபே இருக்கும், எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவார்கள் என்று நினைத்துப் போனேன். அது தப்பு. நடுத்தரக் கப்பலில்கூட பஃபே, வெயிட்டர் பரிமாறும் பெரிய சாப்பாட்டுக்கூடம், நீச்சல்குளத்துப் பக்கம் ஒரு கிரில், பிட்சா கவுன்டர், நூடுல்ஸ் கடை, காபிக் கடை, ஐஸ்கிரீம் இயந்திரம் என்று ஏழெட்டு இடமாவது இருக்கும். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் மாதிரி ராட்சதக் கப்பல் என்றால் 20க்கு மேல்.

அதனால் கப்பலின் எந்த மாடியில் எது இருக்கிறது என்று காட்டும் தளப் படத்தை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் செயலியிலும் படம் இருக்கிறது, அதையும் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தாளும் பென்சிலும்தான் பிடிக்கும். எந்தத் தளம், எந்த முனை, எத்தனை மணி என்று சாப்பாட்டு இடங்களை மட்டும் வட்டம் போட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். உம்மாவும் அதைப் பார்த்துத் தானாக வழி கண்டுபிடித்தார்கள். செயலியை நீட்டினால் அவர்கள் கையில் வாங்கவே இல்லை.

செயலி வேண்டுமென்றால், கப்பலுக்குள் அதன் வைஃபையில் இணையப் பொதி வாங்காமலே பெரும்பாலும் ஓடும். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறங்கள். நடுக்கடலில் கப்பலின் செல்பேசி அலைவரிசை தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் தீட்டிவிடும்.

உணவுக் கட்டுப்பாடு ஏதாவது உண்டா? ஹலால், சைவம், ஜைனம், சர்க்கரை, கடலை ஒவ்வாமை எதுவானாலும் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள். குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் சொல்லிவிடுவது நல்லது. நான் முகவரிடம் வாயால் சொன்னதோடு விட்டுவிட்டேன். அது கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை.

படி 2: ஏறும் நாள்

மதியம் ஏறியவுடன் எல்லாரும் பைகளோடு பஃபேக்குத்தான் ஓடுவார்கள். உட்கார இடம் கிடைக்காது. பல கப்பல்களில் அந்த நேரத்தில் பெரிய சாப்பாட்டுக்கூடமும் திறந்திருக்கும், பாதி மேசை காலியாகக் கிடக்கும். வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள்.

அன்று மாலைக்குள் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். சாப்பிட வேண்டாம், ஒவ்வொரு இடத்திலும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பஃபே நாள் முழுக்கத் திறந்திருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை மூடிவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் நமக்கு அஞ்சு மணிப் பசி வரும். பிட்சா கவுன்டரும் காபிக் கடையும் அப்போது கைகொடுக்கும். துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டு நாலரைக்குத் திரும்பினால் இது தெரிந்திருப்பது மிக முக்கியம்.

படி 3: எது சேர்த்தி, எது தனிக் காசு

கப்பலுக்குள் ரூபாயோ டாலரோ எடுத்து நீட்ட வேண்டியதில்லை, அறை அட்டையைத் தேய்ப்பார்கள். அதனால் எது கணக்கில் ஏறுகிறது என்பது கடைசி நாள்தான் தெரியவரும். பஃபே, பெரிய சாப்பாட்டுக்கூடம் இரண்டும் டிக்கெட்டில் சேர்த்தி. தண்ணீர், சாதா டீ, காபியும் சேர்த்தி. பாட்டில் குளிர்பானம், பிழிந்த ஜூஸ், இயந்திரத்தில் போடும் விதவிதமான காபி இவையெல்லாம் பெரும்பாலும் காசு.

நடுவில் இருக்கும் சின்னக் கடைகள்தான் குழப்பும். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் கைஸ் பர்கர் கடை சேர்த்தி. ராயல் கரீபியனில் ஜானி ராக்கெட்ஸில் பர்கர் தின்றால் தனிக் காசு, ஆனால் அதே நிறுவனத்தின் சொரெண்டோஸ் பிட்சா சேர்த்தி. பெயரையோ அலங்காரத்தையோ பார்த்து ஊகிக்க முடியாது. உட்காருவதற்கு முன் ‘இது டிக்கெட்டில் உண்டா?’ என்று கேட்டுவிடுங்கள். ஒருவரும் தப்பாக நினைப்பதில்லை. காசு கடையில் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் சேரும், 18 சதவீதம் என்பது வழக்கமாகப் பார்க்கும் அளவு.

என் கருத்தைக் கேட்டால், நாலு இரவுப் பயணத்துக்குக் காசு கடை தேவையே இல்லை. சேர்த்தி இடங்களையே முழுசாகப் பார்த்து முடிக்க முடியாது.

படி 4: கஞ்சிப் பானை

இந்தப் படியில்தான் நாங்கள் இடறி விழுந்தோம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏறிய மறுநாள் காலை பஃபேயில் ஆசிய உணவுப் பகுதியில் பெரிய பானையில் வெள்ளைவெளேரென்று கஞ்சி. பக்கத்தில் சின்னக் கிண்ணங்களில் பொரித்த வெங்காயம், வெங்காயத்தாள், வேர்க்கடலை, பொரித்த நெத்திலி, உப்பு முட்டை. உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ‘நோன்புக் கஞ்சி மாதிரியே இருக்குதே’ என்றார்கள். நான் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன், நெத்திலியை மேலே தூவிக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது கவுன்டரில் நின்ற இந்தோனேசியப் பையன் உம்மாவின் முக்காட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். கஞ்சியைப் பன்றி எலும்பு வேகவைத்த தண்ணீரில் காய்ச்சியிருக்கிறார்கள் என்றான்.

உம்மா கரண்டியை வைத்துவிட்டார்கள். கோபப்படவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தப் பாத்திரத்தையும் நம்பவில்லை. மீன் வேண்டாம், பருப்பு வேண்டாம். அன்று முழுக்க ரொட்டியும் வாழைப்பழமும்தான். அத்தனை சாப்பாட்டுக்கு நடுவே அவர்கள் பசியோடு இருந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. என்னைக் காப்பாற்றிய அந்தப் பையனுக்கு நான் பட்ட கடன் பெரிது.

அன்று கற்றது இது. சிங்கப்பூர், மலேசியப் பக்கத்தில் ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்று பலகை வைத்திருப்பார்கள். அதற்கும் ஹலால் சான்றுக்கும் தொடர்பில்லை. அங்கே வெட்டும் கோழி முறைப்படி அறுத்ததா என்று அந்தப் பலகை சொல்லாது, சமையலில் ஒயின் சேர்ந்ததா என்றும் சொல்லாது. அந்தப் பலகைகூட இல்லாத பஃபேயில் மூன்று கேள்வி கேளுங்கள். குழம்புக்கும் கஞ்சிக்கும் அடித்தண்ணீர் எது? பொரித்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்? இந்தக் கரண்டியும் கல்லும் வேறு எதற்குப் புழங்குகிறீர்கள்? சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே மூன்று கேள்விதான். காய்கறி நூடுல்ஸில் சிப்பிச் சாறு இருக்கலாம், பிட்சா வெட்டும் கத்தி ஒன்றாகவே இருக்கலாம். முட்டை போடும் கவுன்டரில் நம் கண்முன்னே புதுச் சட்டியில் போட்டுத் தரச் சொன்னால் தருகிறார்கள், நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

பஃபேயில் இன்னொன்றையும் பாருங்கள். தட்டில் ஆவி பறக்கிறதா? அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களைச் சோதிக்கும் சுகாதாரத் திட்டத்தில் சூடான உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நம்மிடம் வெப்பமானி இல்லை, ஆனால் புதுத் தட்டு எப்போது வருகிறது என்று நின்று பார்த்து எடுக்கலாம். வாசலில் கைகழுவும் தொட்டி இருந்தால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டே உள்ளே போங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது வேகம்.

படி 5: ஹெட் வெயிட்டர்

அன்று இரவு பெரிய சாப்பாட்டுக்கூடத்தில் எங்கள் மேசைக்கு ஹெட் வெயிட்டர் வந்தார். கோவாக்காரர். நடந்ததைச் சொன்னேன். அவர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நாளை இரவுக்கு என்ன வேண்டும் என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள், மெனுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார். கப்பலில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள், முன்னமே தெரிந்தால் தனிச் சட்டியில் செய்துவிடுவார்களாம்.

உம்மா மீனாணம் என்றார்கள். அவருக்குப் புரியவில்லை. நான் ஒரு தாளில் புளி, தேங்காய்ப்பால், மிளகாய், வெந்தயம், சின்ன வெங்காயம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இரவு மூடிய கிண்ணத்தில் வந்தது. புளிப்பு கொஞ்சம் குறைவு, நம் குண்டு மிளகாயின் வாசனை இல்லை. ஆனால் தேங்காய்ப்பால் மீன்குழம்புதான். உம்மா மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தார்கள், அப்புறம் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, பக்கத்து மேசைக்காரர்கள் முள்கரண்டியில் சாப்பிடுவதைக் கவனிக்காமல், கையாலேயே தட்டைக் காலி செய்தார்கள்.

ஆகவே, முதல் இரவு மட்டும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பெரிய சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்விடுங்கள். அறிமுகம் ஆன பிறகு மற்ற வேளைகளில் கிரில், பிட்சா, நூடுல்ஸ் என்று சுற்றலாம். எங்கே எது சாப்பிடத் தக்கது என்பதையும் ஹெட் வெயிட்டரே குறித்துக் கொடுத்தார், எங்கள் தளப் படத்திலேயே.

எடுத்துப் போவது

மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர் வேண்டாம். சூடாக்கும் கம்பி உள்ள பொருள்களைத் தீ பயத்தால் அனுமதிப்பதில்லை. எங்கள் கெட்டிலை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தந்தார்கள். சில ஆசியக் கப்பல்களில் அறையிலேயே கெட்டில் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சமைத்ததும் கூடாது. ஆலையில் அடைத்த ஊறுகாய், பொடி, பிஸ்கட்டை விட்டுவிட்டார்கள். உம்மா டிபன் பாக்ஸில் கொண்டுவந்த தொதல் இனிப்பைத் துறைமுகத்து நாற்காலியிலேயே தின்று தீர்த்தோம்.

ஃபிளாஸ்க் அவசியம். ஆனால் அதன் வாயைக் குழாயில் வைத்துப் பிடிக்காதீர்கள். கோப்பையில் வெந்நீர் பிடித்து, கோப்பையிலிருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். சுகாதாரத்துக்காக அதைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

சேர்க்கை 1: ஹலால் சமையலறையே உள்ள கப்பல் உண்டா என்று மண்டபம் ஊரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். உண்டு. சிங்கப்பூரிலிருந்து ஓடும் கெண்டிங் ட்ரீமில் ஹலால் சான்று பெற்ற சமையலறை இருக்கிறது, சைவ, ஜைனச் சமையலும் தனியாக உண்டு. முன்னமே தெரிந்திருந்தால் உம்மாவை அதில்தான் கூட்டிப் போயிருப்பேன்.

சேர்க்கை 2: பாம்பனிலிருந்து ஒரு அண்ணன், வெளிநாடு போகாமல் சென்னையிலிருந்தே போகலாமா என்று கேட்டார். 1990இல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் வந்த கப்பலைத்தான் கார்டீலியா நிறுவனம் எம்பிரஸ் என்று 2021 முதல் இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஓட்டுகிறது. சென்னையிலிருந்தும் போயிருக்கிறது, ஆனால் பருவத்துக்குப் பருவம் துறைமுகம் மாறும், அட்டவணையைப் பாருங்கள். அதில் இந்தியச் சாப்பாடுதான் மையம். சாம்பாரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

சேர்க்கை 3: பஃபேயிலிருந்து ஆப்பிளோ முட்டையோ பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் இறங்கலாமா? கூடாது. பழம், இறைச்சி, சமைத்த உணவைக் கரைக்குக் கொண்டுபோகப் பல நாடுகள் தடுக்கின்றன, அபராதமும் உண்டு. பிள்ளைகள் பசியில் அழுவார்கள் என்றால் உறை பிரிக்காத பிஸ்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் கப்பலை விட்டு இறங்கும் வாசலில் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.