எல்லாவற்றுக்கும் இரண்டரையைக் கூட்டாதீர்கள்

போன வாரம் இங்கே பினாங்கில் ஒரு தம்பி கைப்பேசியில் சென்னைப் பஞ்சாங்கத்தைத் திறந்துவைத்து, மலேசிய நேரமாக்குவதற்காகக் கண்ணில் பட்ட நேரத்துக்கெல்லாம் இரண்டரை மணியைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் அடித்த பழைய கூத்து ஞாபகம் வந்துவிட்டது. பஞ்சாங்கம் பார்க்கப் பழகுகிறவர் ராகு காலத்தையும் எமகண்டத்தையும் மாற்றிச் சொல்வதெல்லாம் நாலு நாளில் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

இரண்டரை மணிக் கோளாறு

திதியும் நட்சத்திரமும் முடிவது உலகம் முழுக்க ஒரே கணத்தில். சென்னையில் 8.10க்குச் சதுர்த்தி முடிந்தால் பினாங்கில் 10.40. இதற்குக் கூட்டுங்கள், தப்பில்லை. ஆனால் ராகு காலம், எமகண்டம், குளிகை, ஓரை, லக்னம் (கிழக்கே உதிக்கும் ராசி) இவையெல்லாம் அந்தந்த ஊர் அடிவானத்தோடு கட்டுண்டவை. தை மாதம் சென்னையில் சூரியன் 6.35 வாக்கில் உதிக்கும், பினாங்கு ஜார்ஜ்டவுனில் 7.35 வாக்கில். கடிகாரத்தில் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான்.

இது தெரியாத வயதில் பட்டர்வொர்த்தில் ஒரு சொந்தக்காரர் புதுமனை புகுவதற்கு நாள் குறித்தேன். தை வெள்ளி. சென்னைப் பஞ்சாங்கத்தில் 9 முதல் 10.30 வரை முகூர்த்தம். கூட்டி, 11.30 முதல் 1 மணி என்று எழுதிக் கொடுத்தேன். பால் பொங்கியபோது மணி 12.15. பின்னாலிருந்து ஓர் அத்தை, "ராகு காலம் போயிடுச்சா தம்பி?" என்றார். "10.30 டு 12தானே அத்தை, போயிடுச்சு" என்றேன், அவ்வளவு தெம்பாக!

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 7.35 முதல் மாலை 7.30 வரையான பகலை எட்டாக வகுத்தால் ஒரு பங்கு 89 நிமிடம். வெள்ளிக்கு நான்காவது பங்கு. அதாவது 12.02 முதல் 1.31 வரை. பால் பொங்கியது ராகு காலத்துக்குள்ளே! குருக்கள் தட்சணை, மாலை, சாப்பாடு என்று எல்லாம் மறுபடி. பாதிச் செலவு என் பையிலிருந்து போனது.

ராகு காலத்தை நினைவில் வைக்க "திருநாள் சந்தடியில்" என்று மனப்பாடம் செய்து, திங்கள் 7.30 என்று ஒப்பிக்கிறோமே, அது சூரியன் 6 மணிக்கு உதிக்கும் ஊருக்கு. நம் ஊரில் தை மாதம் 7.30க்குச் சூரியனே இன்னும் எழுந்திருக்கவில்லை. இன்றும் யாராவது அந்தப் பட்டியலை அப்படியே அனுப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நள்ளிரவில் கிழமை மாறாது

பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும். சனி விடியற்காலை 3 மணிக்குப் பிறந்தது வெள்ளிக்கிழமைப் பிள்ளை.

நாழிகை

பஞ்சாங்கத்தில் வரும் ஒரு நாழிகை 24 நிமிடம். மணி நேரம் இல்லை.

1982க்கு முன் பிறந்தவர்கள்

1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். ஜப்பான்காரன் போன பிறகு, 1981 முடிவதற்குள் பிறந்தவர் ஜாதகத்துக்குக் கிரீன்விச் நேர வித்தியாசம் 8 மணி என்று போடாதீர்கள், 7.30 போடுங்கள். லக்னம் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய 2 மணி நேரம், அரை மணியில் கால் ராசி ஓடிவிடும். ஜப்பான்காரன் காலத்துப் பாட்டி என்றால் இன்னும் வம்பு. அப்போது இங்கே ஓடியது டோக்கியோ நேரம்.