உயரத்தை வைத்துப் பக்குவத்தை அளக்காதீர்கள்

13 வயதுப் பையன் அப்பாவின் தோளை எட்டிவிட்டால் போதும், "இவ்வளவு வளந்துட்டே, இதுகூடவா தெரியாது?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகளில் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. உடம்பு ஒரு வேகத்தில் வளர்கிறது, நியாயம் அநியாயம் பார்க்கும் புத்தி வேறொரு வேகத்தில் வளர்கிறது.

உடல் மாற்றங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். ஒரே வகுப்பில் ஒருத்தி முந்துவதும் இன்னொருத்தி பிந்துவதும் சகஜம், ஒப்பிட்டுப் பேசாதீர்கள். இந்த வரம்புக்கு வெளியே போனால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

'பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். பேசுவதற்கு அவ்வளவு அவகாசம் இருக்கிறது. பையன்களிடம் யாரும் பேசுவதே இல்லை. அவர்களில் பலருக்கும் இந்த வயதில் மார்புக் காம்புக்கு அடியில் சின்னக் கட்டிபோலத் தடித்து வலிக்கும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக அடங்கிவிடும் என்று தெரியாமல், தொளதொளச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டு தனியாகப் பயப்படுகிறார்கள்.

இனி புத்தி விஷயம். "அண்ணன் மட்டும் ஒன்பது மணிக்கு வரலாம், நான் ஏன் ஏழு மணிக்கே வரணும்?" இதை வாய்க்கொழுப்பு என்கிறோம். எனக்கென்னவோ இது நல்ல சகுனமாகவே படுகிறது. அடிக்குப் பயந்து அடங்கும் பிள்ளை, நல்ல பெயருக்காகவும் விதிக்காகவும் நடக்கப் பழகி, பிறகே விதி நியாயமானதா என்று கேட்கும் என்றார் உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க். "சொன்னதைச் செய்" என்று வாயடைத்தால் பிள்ளை அடிக்குப் பயப்படும் முதல் படியிலேயே நிற்கும். காரணம் சொல்லுங்கள், காரணம் இல்லையென்றால் விதியை மாற்றுங்கள். அதற்காக அந்தப் படிகளை மதிப்பெண் பட்டியலாக்கிவிடவும் கூடாது. கோல்பெர்க் முதலில் ஆராய்ந்தது பையன்களை மட்டுமே. அடுத்தவர்மேல் கொள்ளும் அக்கறையும் அறம்தானே என்று இன்னொரு உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் கேட்டார்.

நியாயம் பேசத் தெரிந்தவன் அப்படியே நடப்பான் என்று நம்புவது இதற்கு நேரெதிரான தவறு. விளைவை யோசித்துக் கையைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர 20களின் நடுப்பகுதி ஆகிவிடும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், காரோட்டும் கணினி விளையாட்டைத் தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது வளரிளம் பருவத்தினர் துணிந்து அதிக ஆபத்தில் இறங்கினார்கள். வீட்டில் 'கேலி செய்வது தப்பு' என்று அழகாகச் சொன்ன பெண்ணே, தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியைக் கேலி செய்யும் படத்துக்குச் சிரிப்புக் குறி போடுவாள். அவள் சொன்னது பொய்யல்ல. கூட்டத்தில் அது கைகொடுக்கவில்லை.

அவளை வேஷக்காரி என்று திட்டாதீர்கள். அந்த நேரத்தில் என்ன சொல்லி நழுவலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "எங்க அம்மா போனைப் பார்ப்பாங்க, என்னை விட்டுடுங்க" என்று பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளவும் அனுமதி கொடுங்கள்.